உயிருடன் உறுப்பு கொடுப்பவரின் பாதுகாப்பு: நடைமுறைக் குறிப்பில் எங்கே ஓட்டை விழுகிறது?

தும்பை (கேள்வி):

உயிருடன் இருக்கும்போதே உறுப்பு கொடுப்பவர்களுக்கான நடைமுறைக் குறிப்பைத் திருத்தி எழுதுகிறேன். பெரும்பாலும் சிறுநீரகம், கொஞ்சம் கல்லீரல். இப்படிப்பட்ட குறிப்புகளில் உறுப்பைப் பெறுபவருக்குப் பக்கம் பக்கமாக இருக்கும், கொடுப்பவருக்கு இரண்டு பத்தியோடு முடிந்துவிடும். கொடுப்பவர் நோயாளியே இல்லை, இந்த அறுவையால் அவர் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. அதனால் அவருக்கு ஏற்படும் ஒவ்வொரு கெடுதலும் நாம் கொண்டுவந்து சேர்த்ததுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதப் பார்க்கிறேன்.

கேட்க விரும்புவது நான்கு. எந்தப் பரிசோதனையில் "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்று தளர்த்தவே கூடாது? சிறுநீரகத் தமனியை எதைக் கொண்டு அடைப்பது, ஏன்? முதல் இரவு வார்டில் எது கண்ணுக்குத் தப்புகிறது? வீட்டுக்குப் போன பிறகு எதை, எத்தனை காலம் பார்ப்பது? பொதுவான அறிவுரை நிறைய இருக்கிறது. எண்ணும் காரணமும் சொன்னால் அப்படியே குறிப்பில் ஏற்றிவிடலாம்.

வடகாற்று:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. தளர்வு அதிகம் நடப்பது ஜி.எஃப்.ஆரில்தான், அதாவது சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகின்றன என்ற அளவில். கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வைத்த எல்லை தெளிவானது. 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏற்கலாம், 60க்குக் கீழே என்றால் கூடாது, நடுவில் இருப்பவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு. சிக்கல் என்னவென்றால், பலர் ஜி.எஃப்.ஆரைப் பார்ப்பதில்லை, இரத்தத்தில் உள்ள தசைக் கழிவான கிரியாட்டினினைப் பார்க்கிறார்கள். 30 வயது ஆணுக்கு கிரியாட்டினின் 0.9 என்றால் சூத்திரத்தில் ஜி.எஃப்.ஆர். 117 அளவில் வரும். அதே 0.9, 55 வயதுப் பெண்ணுக்கு 75 சொச்சம். லேப் தாளில் இரண்டுக்கும் "நார்மல்" என்றே அச்சாகியிருக்கும். தாயார் கொடுக்க முன்வரும்போது இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம்.

சூத்திரத்தோடும் நிறுத்தக் கூடாது. ஐயோஹெக்சால் அல்லது டி.டி.பி.ஏ. என்ற பொருளை ஊசியில் ஏற்றி நேரடியாக அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். முடியாவிட்டால் 24 மணி நேரச் சிறுநீர். அதில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று, சேகரிப்பு. முதல் நாள் காலை எழுந்ததும் போகும் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரைக் கேனில் சேர்க்க வேண்டும். இரண்டு காலையும் சேர்த்துவிட்டால் ஜி.எஃப்.ஆர். பொய்யாக ஏறும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: ஒரு நாளில் வெளியேறும் கிரியாட்டினின் பெண்ணுக்குக் கிலோவுக்கு 15–20 மி.கி., ஆணுக்கு 20–25 மி.கி. 60 கிலோப் பெண்ணுக்கு 900–1,200 வர வேண்டிய இடத்தில் 1,500 வந்தால் அந்தக் கேனை நம்பாதீர்கள், மறுபடி சேகரிக்கச் சொல்லுங்கள்.

சிறுநீரில் போகும் அல்புமின் என்ற புரதம் நாளொன்றுக்கு 30 மி.கி.க்குக் கீழே சரி, 100க்கு மேலே கூடாது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் இருக்கும் நாளில் எடுத்த மாதிரியை வைத்து யாரையும் நிராகரிக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம்.

எந்தப் பக்கத்தை எடுப்பது என்பதையும் எழுத்தில் வையுங்கள். இடது பக்கச் சிரை நீளம் என்பதால் அறுவை செய்பவருக்கு இடதுதான் வசதி. ஆனால் இரண்டுக்கும் அளவிலோ வேலையிலோ 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நல்லது கொடுப்பவரிடம்தான் இருக்க வேண்டும். சின்னக் கல், நீர்க்கட்டி, தமனியில் லேசான சுருக்கம் எந்தப் பக்கமோ அதுதான் வெளியே போக வேண்டும். அந்தப் பக்கம் வலது, அறுவை கடினம் என்றால், கடினமான அறுவையைச் செய்யத் தெரிந்தவர் செய்யட்டும்.

இளம் வயதினரைப் பற்றி ஒரு வார்த்தை. 22 வயதில் எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்தால் நமக்கு நிம்மதி. ஆனால் அந்த முடிவு அடுத்த 60 ஆண்டைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் வரவேண்டிய வயது இன்னும் வரவில்லை. குடும்பத்தில் நீர்க்கட்டி நோய் இருந்தால், 20களில் இருப்பவருக்கு அல்ட்ராசவுண்டில் கட்டி தெரியவில்லை என்பது போதாது. எம்.ஆர்.ஐ. அல்லது மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டும். 60 வயதில் எல்லாம் சரியாக இருப்பவர், இந்தக் கணக்கில், பல நேரம் 22ஐவிடப் பாதுகாப்பானவர்.

ஆபத்தை எப்படிச் சொல்வது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 15 ஆண்டுக்குள் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள், கொடுத்தவர்களில் 10,000 பேருக்குச் சுமார் 31. கொடுத்தவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் சுமார் 4. "ஆயிரத்துக்கு மூன்று பேர்" என்று மட்டும் சொன்னால் சின்னதாகத் தெரியும், "எட்டு மடங்கு" என்று மட்டும் சொன்னால் பயமுறுத்தும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவரை யோசிக்க விடுங்கள். பொது மக்களோடு ஒப்பிட்டு "அவர்களைவிடக் குறைவுதான்" என்று ஆறுதல் சொல்வது நேர்மையில்லை. பொது மக்களில் சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள், கொடுப்பவரோ வடிகட்டித் தேர்ந்தெடுத்த ஆள்.

நெய்தல்:

தமனி பற்றி விரிவாகவே எழுதுகிறேன். சிறுநீரகம் கொடுத்து 90 நாளுக்குள் இறப்பது இப்போது மிக அரிது. அமெரிக்கப் பதிவுகளில் 2013–2022 காலத்தில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு, 1993–2002 காலத்தில் அது மூன்று. மிச்சமிருக்கும் இறப்புகளில் இரத்தப்போக்குதான் முன்னால் நிற்கிறது. அதில் கருவியின் தேர்வால் வரும் பங்கை முழுதாகத் தடுக்க முடியும்.

ஒரு சிறுநீரகத்துக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போகிறது. அறுத்த தமனியின் அடிக்கட்டை திறந்துகொண்டால், 5 லிட்டர் இரத்தம் உள்ள உடம்பில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். வார்டில் திறந்தால் தியேட்டருக்குக் கொண்டுபோகும் நேரம்கூட இருக்காது.

கிளிப் என்பது வெளியிலிருந்து நெருக்கிப் பிடிப்பது மட்டும்தான். தமனிச் சுவருக்குள் எதுவும் ஊடுருவுவதில்லை. புற்றுநோய்க்காகச் சிறுநீரகத்தை எடுக்கும்போது கிளிப்பைத் தாண்டி அடிக்கட்டையைக் கொஞ்சம் நீளமாக விட்டுவிடலாம், அதனால் பிடித்துக்கொள்ளும். தானத்தில் அது முடியாது. மறுபக்கம் தைக்க நீளம் வேண்டும் என்று தமனியை அடியோடு ஒட்டி வெட்டுகிறோம். கிளிப்புக்கு வெளியே நிற்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சதைதான். பெருந்தமனியின் ஒவ்வொரு துடிப்பும் அந்தக் கிளிப்பை வெளியே தள்ளுகிறது. மூன்று கிளிப் போட்டாலும் மூன்றும் அதே விதத்தில்தான் வழுக்கும்.

ஹெம்-ஓ-லாக் எனப்படும் பாலிமர் பூட்டுக் கிளிப்பைக் கொடையாளரின் சிறுநீரகத் தமனிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளரே 2006இல் அறிவித்தார். அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011இல் மறுபடியும் எச்சரித்தது. உலோகக் கிளிப் மட்டும் போடுவதும் இதே குறையுள்ளதுதான். உங்கள் குறிப்பில் ஒரே வரியாக எழுதுங்கள்: "கொடையாளரின் தமனியை அடைக்கும் பொருள் தமனிச் சுவரின் ஊடாகச் செல்ல வேண்டும்." அதாவது இரத்தக்குழாய் ஸ்டேப்ளர், அல்லது ஊசி ஊடுருவிப் போட்ட தையல். கூடுதல் பிடிமானத்துக்குக் கிளிப் வைப்பது அவரவர் விருப்பம், அதை மட்டும் நம்பக் கூடாது.

ஸ்டேப்ளரும் தவறும். வழக்கமான காரணம், வாயில் ஏதாவது கடினமான பொருள் மாட்டுவது. பக்கத்துச் சின்னச் சிரைகளை அடைக்கப் போட்ட உலோகக் கிளிப் ஒன்று ஸ்டேப்ளரின் தாடைக்குள் வந்துவிட்டால், ஊசிகள் சரியாக மடங்காது, கத்தி மட்டும் வெட்டிவிடும். ஆகவே லம்பார் (கீழ்முதுகுச்) சிரை, அட்ரினல் சிரை, கோனாடல் சிரை மூன்றையும், தமனியை வெட்டும் கோட்டுக்கு அருகில், கிளிப் இல்லாமல் மின்கருவியாலோ தையலாலோ அடைத்துவிடுங்கள். அழுத்துவதற்கு முன் ஸ்டேப்ளரின் நுனி குழாயைத் தாண்டி முழுதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடியபின் 15 வினாடி காத்திருந்து அழுத்தினால் திசு சமமாக அமுங்கும். வெட்டாமல் ஊசி வரிசை மட்டும் போடும் ஸ்டேப்ளர் இருந்தால் தமனிக்கு அது நல்லது. வரிசை முழுவதும் கொடுப்பவர் பக்கம் நிற்கும், உறுப்பின் பக்கம் நீளமும் வீணாகாது.

மேசையில் இருக்க வேண்டியவை: ஊசி நிரப்பிய இரண்டாவது ஸ்டேப்ளர், வயிற்றைத் திறக்கும் கருவித் தட்டு, பெரிய இரத்தக்குழாய்க் கவ்வி. மூன்றும் உறை பிரித்து விரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். பொருத்தம் பார்த்த 2 யூனிட் இரத்தம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

தமனியை வெட்டும் முன் அறையில் எல்லோரும் கையை நிறுத்தி, உரக்கக் கேட்டு உரக்கப் பதில் சொல்ல வேண்டியவை நான்கு. சி.டி.யில் எத்தனை தமனி, இப்போது கண்ணில் எத்தனை? தாடைக்குள் கிளிப் உண்டா? திறக்கும் தட்டு தயாரா? பெறுபவர் மயக்கத்தில் பாதுகாப்பாக இருக்கிறாரா, உறுப்பை வாங்கிக்கொள்ளும் ஆள் யார்? கடைசிக் கேள்வியை எளிதாக எண்ண வேண்டாம். 2012இல் ஓரிடத்தில், உயிருடன் இருந்தவர் கொடுத்த சிறுநீரகம் பனிக்கூழோடு சேர்ந்து கழிவாக வெளியே போய்விட்டது. கொடுத்தவருக்கு வெட்டுக்காயம் மட்டுமே மிச்சம். உறுப்பு இருக்கும் பாத்திரத்துக்கு ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்காமல் தமனியை வெட்டாதீர்கள்.

இரவுப்பணி:

மூன்றாவது கேள்வி. கொடுப்பவர் ஆரோக்கியமானவர் என்பதே முதல் இரவின் ஆபத்து. 5 லிட்டரில் ஒன்று, ஒன்றேகால் லிட்டர் உள்ளே கசிந்தாலும் அவருடைய இரத்த அழுத்தம் 120/80 காட்டிக்கொண்டே இருக்கும். அழுத்தம் விழும்போது அநேகமாக 30 சதவீதம் போயிருக்கும். முதலில் மாறுவது நாடி.

ஆனால் அட்டவணையில் 100க்குக் கீழே உள்ள நாடி எல்லாம் "நார்மல்" கட்டத்தில் விழும். அறுவைக்கு முன் 62 இருந்தவருக்கு இரவு 11 மணிக்கு 98 என்றால், அது கூடியிருப்பது 36. இதைப் பிடிக்க ஒரே வழி, அவருடைய பழைய நாடியை அட்டவணையின் தலையிலேயே பெரிதாக எழுதி வைப்பது. "அடிப்படையைவிட 20 கூடினால் மருத்துவரைக் கூப்பிடு" என்பதே விதி. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு மணி அரை மணிக்கு ஒருமுறை, பிறகு விடியும்வரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபினை 4–6 மணி நேரத்திலும் மறுநாள் காலையிலும் பாருங்கள். சீக்கிரம் எடுத்த மாதிரி நன்றாக வந்தால் அதில் சாய்ந்துவிடாதீர்கள், இரத்தம் நீர்த்துப்போக நேரம் பிடிக்கும். 2 கிராமுக்கு மேல் குறைந்தால் ஸ்கேனா, தியேட்டரா என்று முடிவெடுக்கும் ஆள் படுக்கை அருகே வர வேண்டும். தொலைபேசியில் கேட்டு முடிவெடுப்பது வேண்டாம். வடிகுழாய் காலியாக இருப்பதும் ஆறுதல் இல்லை, இரத்தக்கட்டி அடைத்திருந்தாலும் காலியாகத்தான் இருக்கும். காரணம் சொல்லத் தெரியாத பதற்றம், முதுகில் புது வலி, புரண்டு புரண்டு படுப்பது இதையெல்லாம் வலி மருந்து கொடுத்து மூடிவிடாதீர்கள்.

சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. வர வேண்டும். நின்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரி என்றால் இரத்தப்போக்கை நினையுங்கள்.

மார்ஃபின் வகை பம்ப் இருந்தால் பொத்தானை அவரைத் தவிர வேறு யாரும் அழுத்தக் கூடாது. அருகில் இருக்கும் உறவினர் பாசத்தில் அழுத்திவிடுவார். மூச்சு குறைவதற்கு முன்னால் வருவது ஆழ்ந்த அசதி. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் விரலில் மாட்டிய கருவி நீண்ட நேரம் 98 காட்டும். முழு ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்தால் மார்ஃபின் தேவை குறையும். டைக்ளோஃபெனாக், கெட்டோரோலாக் ஊசிகளைச் சில இடங்களில் ஓரிரு நாள் தருகிறார்கள். ஒற்றைச் சிறுநீரகம் புதிதாகச் சுமை தாங்கும் அந்த இரவில் அதைத் தொடாமல் இருப்பதே என் பரிந்துரை.

இன்னொன்று, ஆள் ஒதுக்கீடு. பெறுபவர் ஐ.சி.யூ.வில், எல்லோர் கண்ணும் அங்கே. கொடுத்தவர் சாதாரண வார்டின் கடைசிக் கட்டிலில். அவருக்கென்று தனி மருத்துவர் பெயரும் எண்ணும் அட்டவணையில் இல்லையென்றால், இரவு இரண்டு மணிக்கு செவிலியர் கூப்பிடும் மருத்துவர் பெறுபவரின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.

தும்பை:

நாடியை அட்டவணைத் தலையில் எழுதுவதும், நான்கு கேள்வியும் இன்றைக்கே சேர்க்கிறேன். இரண்டு விட்டுப்போனது. ஒருவர் மனம் மாறினால் குடும்பத்துக்குத் தெரியாமல் அவரை எப்படி வெளியேற விடுவது? கல்லீரலுக்கு எது மாறுகிறது?

ஆவாரை:

முதலாவதுக்கு. கொடுப்பவரை மதிப்பிடும் குழுவில், பெறுபவருக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவர்கூட இருக்கக் கூடாது. கொடுப்பவருக்காக மட்டும் பேசும் ஓர் ஆள் தனியாக வேண்டும். முதல் சந்திப்பு, இறுதி ஒப்புதல், அறுவைக்கு முந்தின நாள் மாலை என மூன்று முறையாவது அவரைத் தனியாகப் பாருங்கள். துணைவர் வெளியே, கைபேசி வெளியே. மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் உறவினர் செய்யக் கூடாது.

"சம்மதமா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "நீங்கள் கொடுக்கவில்லை என்றால் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன் வரும் மௌனத்தையும் குறித்து வையுங்கள். கடன், சொத்து, திருமணப் பேச்சு எதுவும் இதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறதா என்றும் நேராகவே கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

விலகினால் குடும்பத்துக்குப் போகும் வாசகத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "மதிப்பீட்டில் இவர் கொடுப்பதற்கு ஏற்றவர் அல்ல என்று குழு முடிவு செய்தது. கொடையாளரின் விவரங்கள் யாருக்கும் தரப்படுவதில்லை." பொய்யான நோய் எதையும் சொல்லத் தேவையில்லை, சொன்னால் அது பிறகு அவரையே துரத்தும். மருத்துவக் காரணத்தால் நிராகரிக்கப்படுபவர்கள் எல்லோருக்கும் இதே வாசகம் போக வேண்டும். அப்போதுதான் வாசகத்தைப் பார்த்து யாரும் உண்மையை ஊகிக்க முடியாது. மயக்க மருந்து ஏறும் நிமிடம்வரை விலகலாம் என்பதை அவருக்கு எழுத்தில் கொடுங்கள்.

கருவேலம்:

கல்லீரலில் ஆபத்தின் அளவே வேறு. இறப்பு விகிதமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இடது பகுதிக்கு 0.1 சதவீதம், வலது பகுதிக்கு 0.5 சதவீதம்வரை. சிறுநீரகத் தாளில் உள்ள ஒப்புதல் வாசகத்தை இங்கே நகலெடுக்கக் கூடாது.

இரண்டு கணக்கு ஒன்றையொன்று இழுக்கும். பெறுபவருக்கு அவர் எடையில் 0.8 சதவீதமாவது வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 480 கிராம். கொடுப்பவரிடம் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும், கல்லீரலில் கொழுப்பு கொஞ்சம் இருந்தால் 35. கல்லீரல் மொத்தம் 1,100 மி.லி., வலது பகுதி 65 சதவீதம் என்றால் கொடுப்பவரிடம் 385 மிஞ்சும், போகலாம். வலது 72 சதவீதம் என்றால் மிஞ்சுவது 308, அதாவது 28 சதவீதம்தான். பெறுபவருக்கு எவ்வளவு அவசரமானாலும் அந்த வலதை எடுக்கக் கூடாது. இந்த இரண்டாம் கணக்கைப் போடுபவர் பெறுபவரின் மருத்துவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தக்குழாயை வெட்டும் முன் மேசையிலேயே சாயம் செலுத்திப் படம் எடுக்க வேண்டும். ஒரே துளையாகக் கிடைக்கட்டும் என்று சந்திப்புக்கு மிக அருகில் வெட்டினால் கொடுத்தவருக்குப் பின்னாளில் குழாய் சுருங்கும். பெறுபவரின் பக்கம் இரண்டு துளை தைப்பது மேல். பெறுபவருக்குக் கல்லீரல் புற்று என்றால் அவர் வயிற்றைத் திறந்து வெளியே பரவவில்லை என்று உறுதி செய்த பிறகே இங்கே கல்லீரலைப் பிளக்க வேண்டும்.

முதுகில் வலிநீக்கக் குழாய் இருந்தால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) பார்க்காமல் உருவாதீர்கள், முதல் சில நாட்களில் அது ஏறியிருக்கும். இரத்தத்தில் பாஸ்பேட் அளவு விழும், தினமும் பார்த்து ஈடுகட்டுங்கள். பாராசிட்டமால் ஒரு நாளுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம்.

வடகாற்று:

நான்காவது கேள்வி மிச்சமிருக்கிறது. அமெரிக்காவில் 6 மாதம், 1 ஆண்டு, 2 ஆண்டு என்று தகவல் கேட்பது கட்டாயம். அதோடு நின்றுவிடக் கூடாது, செயலிழப்பு வருவது பெரும்பாலும் 10, 15 ஆண்டுக்குப் பிறகுதான். ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின், சர்க்கரை, எடை. இவ்வளவு போதும், ஆனால் ஆயுள் முழுக்க.

கொடுத்த பிறகு ஜி.எஃப்.ஆர். பழைய அளவில் 65–70 சதவீதத்தில் நிலைகொள்ளும். 90 இருந்தவருக்கு 60 அளவில் வரும். விவரம் தெரியாத மருத்துவர் அதைப் பார்த்து "நாள்பட்ட சிறுநீரக நோய்" என்று எழுதிவிடுவார், காப்பீட்டுத் தாளிலும் அது ஏறிவிடும். எண் அங்கேயே நின்றால் நல்லது. ஆண்டுக்கு ஆண்டு இறங்கினாலோ அல்புமின் தலைகாட்டினாலோதான் நடவடிக்கை. அதனால் 6 மாதத்து எண்ணை "இவருடைய புதிய அடிப்படை" என்று தேதியோடு கையில் கொடுத்துவிடுங்கள்.

குழந்தை பெற விரும்பும் பெண்களிடம் முன்பே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2015இல் வந்த கனடா ஆய்வில் கர்ப்பகால உயர் அழுத்தமோ முன்வலிப்போ (ப்ரீ-எக்லாம்ப்சியா) வந்தது கொடுத்தவர்களில் 11 சதவீதம், கொடுக்காதவர்களில் 5 சதவீதம். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவம் நலமாகவே முடிகிறது. ஆனால் முதல் செக்கப்பிலேயே "ஒரு சிறுநீரகம் கொடுத்தவர்" என்று சொல்லியாக வேண்டும்.

பணப்பைக்குள் வைக்கும் அட்டை ஒன்று அச்சடித்துக் கொடுங்கள். அதில் வர வேண்டியவை: எந்தப் பக்கம், எந்தத் தேதி, புதிய அடிப்படை கிரியாட்டினின், "ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை வேண்டாம்", "சாயம் செலுத்தும் ஸ்கேனுக்கு முன் கிரியாட்டினின் பார்க்கவும்", இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். பெறுபவர் இறந்துபோனாலோ உறுப்பு நின்றுபோனாலோ கொடுத்தவர் பெரும்பாலும் செக்கப்புக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். அந்த வாரமே அவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியவர் யார் என்று உங்கள் குறிப்பில் பொறுப்பு எழுதி வையுங்கள்.